தயாரிப்பு நின்றுபோன துப்பாக்கி: எதைப் பார்த்து வாங்குவது?

ஒரு பொருளின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது என்ற செய்தி வந்தவுடன் சந்தையில் இரண்டு குரல்கள் எழுகின்றன. ‘இனி இதைப்போல் ஒன்று வராது, கிடைக்கும்போதே வாங்கிவிடு’ என்கிறது ஒரு குரல். ‘உதிரி பாகம் கிடைக்காது, கையை வைக்காதே’ என்கிறது மற்றொரு குரல். 2014இல் அம்பாசடர் காரின் தயாரிப்பு நின்றபோது நம் ஊர்களிலும் இவ்விரண்டையும் கேட்டோம். முதல் குரலில் ஏக்கம் இருக்கிறது. இரண்டாவது குரலில் அச்சம் இருக்கிறது. வாங்குபவருக்கு வேண்டியது கணக்கு. அந்தக் கணக்கில் தவறு நேர்ந்தால் காரோட்டிக்குப் பணமும் பொழுதும் போகும். உயிரே போகக்கூடிய பொருள்களும் உண்டு. அவற்றுள் ஒன்று, பெரிய விலங்குகளுக்கான பெருங்குழல் வேட்டைத் துப்பாக்கி.

நான் வேட்டைக்காரன் அல்லன். இயந்திரங்களின் உலோகப் பாகங்களைச் சோதித்துத் தரச்சான்று வழங்கும் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்தவன். என்னுடன் பொறியியல் படித்த நண்பர் தென்னாப்பிரிக்காவின் க்வாஸூலு-நடால் மாகாணத்தில் குடியேறியவர். அவருடைய மகன் அங்கே தொழில்முறை வேட்டை வழிகாட்டியாகப் பயிற்சி பெற்றுவருகிறார். அனுமதி பெற்ற வேட்டையாளர்களைக் காட்டுவிலங்குப் பண்ணைகளுக்குள் அழைத்துச் செல்வதும், அவர்கள் காயப்படுத்திவிட்ட விலங்கைப் புதருக்குள் தேடிச் சென்று அதன் துன்பத்தை முடித்துவைப்பதும் அந்தப் பணி. ஏறக்குறைய 700 கிலோ எடையுள்ள கேப் எருமை காயத்தோடு திரும்பிப் பாயும்போது கையில் மிஞ்சுவது சில நொடிகளும் ஒரு துப்பாக்கியும்தான். மகனுக்கு வாங்கித்தர நண்பர் பார்த்துவைத்திருந்த துப்பாக்கி பழையது. அதன் தயாரிப்பும் நின்றுவிட்டது. ‘இரும்பைப் பற்றித் தெரிந்தவன் நீ, வாங்கலாமா, சொல்’ என்று என்னிடம் கேட்டார். விடை தேடியபோது நான் படித்தறிந்தவற்றையும் எண்ணிப்பார்த்தவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அதற்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியா 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே வேட்டைக்குக் கதவடைத்தது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். தென்னாப்பிரிக்கா வேறு வழியில் சென்றது. முறையாக வேலியிட்ட பண்ணையில் உள்ள காட்டுவிலங்குகளுக்கு நிலத்துக்காரரே உரிமையாளர் என்பதை அந்நாட்டுச் சட்டம் ஏற்கிறது. அதன்மீது ஒரு தொழிலே எழுந்து நிற்கிறது. அது சரியா என்பது தனி விவாதம். வேட்டை நடக்கும் இடத்தில், குறித்த நேரத்தில் வேலை செய்யாத துப்பாக்கி மனிதருக்கும் கேடு, விலங்குக்கும் கேடு என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

நண்பர் கண்ட துப்பாக்கி

அது செக் நாட்டின் உஹெர்ஸ்கி ப்ரோட் நகரில் தயாரான ‘சி.இசட். 550 சஃபாரி மேக்னம்’. தோட்டா ‘.416 ரிக்பி’. குண்டின் விட்டம் 0.416 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10.6 மில்லிமீட்டர் என்பதையே அந்த எண் குறிக்கிறது. சுமார் 26 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 730 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அதன் ஆற்றல் சுமார் 6,900 ஜூல். 1960களில் வெளிவந்த ‘இசட்.கே.கே. 602’ என்ற செக் துப்பாக்கியின் வாரிசு இது. இரண்டுக்கும் மூதாதை, 1898இல் ஜெர்மானிய ராணுவம் ஏற்றுக்கொண்ட மவுசர். 2021இல் அந்நிறுவனம் ‘சி.இசட். 600’ என்ற புதிய வரிசையைக் கொண்டுவந்தபோது 550 வரிசை விடைபெற்றது. .416 ரிக்பி போன்ற நீண்டு பருத்த தோட்டாவுக்குரிய பெரிய உடல் புதிய வரிசையில் இடம்பெறவில்லை. ஆகவே, இதன் இடத்தை நிரப்பும் வாரிசு அதே ஆலையிலிருந்து வரவில்லை.

மவுசர் வழிவந்த இந்த அமைப்பை வேட்டை வழிகாட்டிகள் விரும்பக் காரணம் உண்டு. தோட்டாவைப் பெட்டியிலிருந்து குழலுக்குள் தள்ளுவது போல்ட் என்னும் உருளை. அந்த உருளையின் பக்கத்தில் நீண்ட எஃகு நகம் ஒன்று இருக்கிறது. பெட்டியிலிருந்து தோட்டா மேலெழும்பியவுடனேயே இந்த நகம் அதன் விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. குழலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை விடுவதில்லை. பிற்காலத்தில் பரவலான, தயாரிக்க மலிவான அமைப்புகளில் உருளை தோட்டாவைத் தள்ள மட்டுமே செய்யும். முழுவதும் மூடிய பிறகுதான் பற்றும். பதற்றத்தில் ஒருவர் உருளையைப் பாதிவரை தள்ளிவிட்டுப் பின்னுக்கு இழுத்துவிட்டால், தள்ளப்பட்ட தோட்டா குழலிலேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா அதன் முதுகில் மோதி நிற்கும், துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். நகம் பற்றியிருந்தால், பாதி வழியில் இழுத்தாலும் தோட்டா உருளையோடு திரும்பி வெளியே வந்துவிடும். மைதானத்தில் இலக்கைச் சுடுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. எருமை பத்தடித் தொலைவில் இருக்கும்போது அதுவே எல்லாம்.

ஆக, வடிவமைப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆலை மூடியதால் எஃகின் வலிமை குறைந்துவிடவும் இல்லை. தயாரிப்பு நின்ற பிறகு முதுமையடைவது துப்பாக்கியைச் சூழ்ந்திருக்கும் உலகம்: தோட்டா, சட்டம், உதிரி பாகம், பழுதுபார்க்கத் தெரிந்த கை. கேள்வியை அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்று நண்பருக்கு எழுதினேன்.

தோட்டாவே ஆயுள்

தோட்டா கிடைக்காத துப்பாக்கி இரும்புத் தடியாகிவிடும். பிரிட்டிஷ் பேரரசின் காலத்தில் ஆசிய, ஆப்பிரிக்கக் காடுகளுக்கு வந்த விலையுயர்ந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளின் கதை இதற்குச் சான்று. அவற்றின் பெரிய தோட்டாக்களைப் பெருமளவில் தயாரித்தது பர்மிங்காமின் கைனாக் நிறுவனம். பேரரசு சுருங்கியது, வாங்குவோர் குறைந்தனர், 1960களில் அந்தத் தயாரிப்பு அடங்கியது. லண்டன் கைவினைஞர்கள் மாதக்கணக்கில் இழைத்த துப்பாக்கிகள் ஒரு கீறலும் இல்லாமல் ஊமையாயின. அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1956இல் கொண்டுவந்த ‘.458 வின்செஸ்டர் மேக்னம்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சில பத்தாண்டுகளுக்குப் பிறகு பழைய தோட்டாக்களைச் சிறிய அளவில் மீண்டும் தயாரிக்கத் தொடங்கினார்கள். ஆனால், ஒரு தலைமுறைக்காலம் அந்தத் துப்பாக்கிகள் காத்துக்கிடந்தன.

தமிழ் வாசகர்கள் அறிந்த கென்னத் ஆண்டர்சனின் துப்பாக்கிக்கும் இதே விதிதான். சேலம், தருமபுரிப் பகுதிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்த அனுபவங்களை எழுதிய அவர் வைத்திருந்தது, ‘.405 வின்செஸ்டர்’ தோட்டாவுக்கான 1895 மாதிரித் துப்பாக்கி. 1904இல் பிறந்த அந்தத் தோட்டாவை அமெரிக்க முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்று சிங்க வேட்டைக்குப் பயன்படுத்தினார். அத்தனை புகழ்பெற்ற தோட்டாவும் கடைகளிலிருந்து மறைந்து, நெடுங்காலம் கழித்தே மீண்டது.

தோட்டா எவ்வளவு புதியது என்பது அதன் ஆயுளுக்கு உறுதி அளிப்பதில்லை. அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்ற ‘.45-70’ தோட்டாவை இன்றும் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. அதைவிட வலிமையானதாக 2000இல் அறிமுகமான ‘.450 மார்லின்’ தோட்டாவைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. எத்தனை பேர் கையில் அதற்கான துப்பாக்கி இருக்கிறது, எத்தனை ஆலைகள் அதைத் தயாரிக்கின்றன என்பவைதான் தோட்டாவின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

இந்த அளவுகோலில் சி.இசட். 550 மேக்னத்துக்குரிய தோட்டாக்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதலிடம், லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912இல் உருவாக்கிய ‘.375’ தோட்டாவுக்கு. ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளுக்கான துப்பாக்கி என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும் வாய்ப்பு அதற்கே அதிகம். அடுத்து .458 வின்செஸ்டரும் ‘.458 லாட்’டும். ஜாக் லாட் என்ற அமெரிக்கர் 1959இல் மொசாம்பிக்கில் ஓர் எருமையால் தூக்கி எறியப்பட்டவர். .458 வின்செஸ்டரின் வலிமை போதாது என்று முடிவுசெய்து, அதைவிட நீண்ட கூடுள்ள தோட்டாவை 1971இல் அவர் உருவாக்கினார். லாட் துப்பாக்கியில் அவசரத்துக்குப் பழைய .458 வின்செஸ்டர் தோட்டாவையும் சுடலாம். வழியில் தோட்டா தீர்ந்துபோகும் ஒருவருக்கு இது பெரிய காப்பு.

மூன்றாம் இடம் .416 ரிக்பிக்கு. 1911இல் பிறந்த தோட்டா இது. அக்காலத்தில் பயன்பட்ட கார்டைட் வெடிமருந்து வெப்பம் ஏற ஏற அழுத்தத்தைக் கூட்டிவிடும் இயல்புடையது. வெப்ப மண்டலத்தில் கூடு சிக்கிக்கொள்ளாதிருக்க, ரிக்பி நிறுவனம் கூட்டைப் பெரிதாக்கி அழுத்தத்தைக் குறைவாக வைத்தது. அந்தத் தாராளம் இன்றும் பயன் தருகிறது. வெயிலில் சுட்ட பிறகும் கூடு எளிதாக வெளியே வரும். பல நாட்டு நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. ஆனால், விலை அதிகம். எல்லாக் கடைகளிலும் இருப்பு இராது. ஆறுதலான செய்தி ஒன்று: அதே விட்டமுள்ள குண்டை வேறு சில .416 தோட்டாக்களும் பயன்படுத்துகின்றன. ஆதலால், பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்துத் தாமே மருந்து நிரப்பிக்கொள்பவருக்குக் குண்டுப் பஞ்சம் எளிதில் வராது. கடைசி இடம், 1911இலேயே வந்த ‘.505 கிப்ஸ்’ தோட்டாவுக்கு. அதன் குண்டு விட்டம் வேறெதனோடும் ஒத்துப்போவது அரிது. அதை வாங்குபவர் சேகரிப்பாளராக இருப்பதே நலம்.

ஒரே மாதிரித் துப்பாக்கி, ஒரே ஆலை, ஒரே எஃகு. குழலின் மேல் பொறித்த எண் மாறினால் விடையும் மாறிவிடுகிறது.

சட்டம் நினைத்தால்

துப்பாக்கியின் பயனைச் சட்டம் ஒரே நாளில் மாற்றிவிடும். 1907இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாக்களைத் தடைசெய்தது. கிளர்ச்சிக்காரர்கள் வைத்திருந்த மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு அவை பயன்பட்டுவிடும் என்ற அச்சமே காரணம். லண்டன் தயாரிப்பாளர்கள் தடையைச் சுற்றிச் செல்ல .465, .470, .475 எனப் புதுப்புது அளவுகளைக் கொண்டுவந்தனர். இன்று உலகம் வியக்கும் .470 தோட்டா, ஓர் இந்தியத் தடைச் சட்டத்தின் குழந்தை. ஆனால், ஏற்கெனவே .450 வாங்கி வைத்திருந்தவருக்கு அந்தப் புதுமையால் என்ன பயன்?

நண்பர் மகனின் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. முதலில் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். பிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி உரிமம். உரிமமுள்ள துப்பாக்கிக்குரிய தோட்டாவை மட்டுமே வைத்திருக்கலாம். சாதாரண உரிமத்தில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்கள் என்பது வரம்பு. முழுநேர வேட்டையாளர் தகுதி பெற்றோர் போன்றவர்களுக்கே விலக்கு. தோட்டா அரிதாகப்போகிறது, வாழ்நாளுக்கும் சேர்த்து வாங்கி அடுக்கிவிடலாம் என்று கணக்குப் போடுபவரின் திட்டம் இந்த இடத்தில் முட்டி நிற்கும். குழலையும் துப்பாக்கியின் உடலையும் சட்டம் முதன்மைப் பாகங்கள் என வகைப்படுத்துவதால், உதிரிக் குழல் வாங்கி வைப்பதும் கடைக்குப் போய்த் திருகாணி வாங்குவது போன்றதன்று.

பெரிய விலங்குகளுக்குக் குறைந்தபட்ச அளவைச் சட்டமே வரையறுப்பதும் உண்டு. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் .375தான் கீழ்வரம்பு, சில நாடுகள் குண்டின் ஆற்றலை ஜூலில் குறிப்பிட்டு வரம்பு வைக்கின்றன. .416 இவை யாவற்றையும் தாராளமாகத் தாண்டும். ஆனால், .375உம் எருமைக்குச் சட்டப்படி போதுமானது என்ற செய்தியை இங்கே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது தேவைப்படும்.

உதிரி பாகமும் தெரிந்த கையும்

போல்ட் துப்பாக்கி எளிய இயந்திரம். அதில் தேய்பவை, உடைபவை எவை என்று பட்டியலிட்டால் ஒரு கை விரல்கள் ஏறக்குறையப் போதும்: சுடுமுள், அதன் சுருள்வில், தோட்டாவைப் பற்றும் நகம், பெட்டியின் வில், விசைத் தொகுதி. சுருள்வில்லை எந்தத் தேர்ந்த துப்பாக்கிக் கொல்லரும் மாற்றிவிடுவார். நகத்தையும் சுடுமுள்ளையும் செய்துகொள்ள முடியும். ஆனால் செலவாகும், நாளாகும். ஆகவே, துப்பாக்கியோடு சேர்த்து ஒரு நகம், ஒரு சுடுமுள், இரண்டு வில்கள் வாங்கி வைத்துவிட்டால் ‘உதிரி பாகம் கிடைக்காது’ என்ற அச்சத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மவுசர் குடும்பத்துக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. நூறாண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் பழகிய அமைப்பு என்பதால், அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன.

இந்த மாதிரிக்கே உரிய சில செய்திகளும் உண்டு. இதன் உடலின் மேற்புறத்திலேயே தொலைநோக்கி பொருத்தும் தண்டவாளம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய வளையங்கள் தனி வகை. அவையும் சேர்ந்து வருகின்றனவா என்று கேட்டு வாங்க வேண்டும். விசையை முன்னால் தள்ளினால் அது மிக மென்மையாகிவிடும் ஏற்பாடு இதில் இருக்கிறது. தொலைதூர இலக்குக்கு அது வசதி. புதருக்குள் எருமையைத் தேடுபவருக்கு ஆபத்து. இதன் மூதாதையான இசட்.கே.கே. 602இன் தொடக்ககாலத் துப்பாக்கிகளில் பாதுகாப்புப் பூட்டு மற்றவற்றுக்கு நேரெதிராக இயங்கும்; சுடுவதற்குப் பூட்டைப் பின்னால் இழுக்க வேண்டும். வேறு துப்பாக்கிகளில் முன்னால் தள்ளிப் பழகிய விரல், நெருக்கடியில் பழைய பழக்கத்துக்கே திரும்பும். பழைய மாதிரி மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேரில் பார்க்க வேண்டியவை

பெருங்குழல் துப்பாக்கிகளில் குழல் தேய்வது குறைவு. பெரும்பாலானவை வாழ்நாளில் சில நூறு தோட்டாக்களைக்கூடப் பார்த்திருக்காது. அந்த உதைப்பைப் பொழுதுபோக்காகத் தாங்குபவர் அரிது. ஆகவே, பழைய துப்பாக்கி என்றதும் குழலை மட்டும் எட்டிப்பார்த்துத் திருப்தியடைவது போதாது. குழலில் பார்க்க வேண்டியது தேய்மானத்தைவிடத் துரு. சுத்தம் செய்யாமல் பெட்டியில் பூட்டி வைத்த துப்பாக்கியே அதிகம் சுட்ட துப்பாக்கியைவிடக் கெட்டிருக்கும்.

அதன் பிறகு மரம். ஒவ்வொரு சுடுதலிலும் எஃகு உடல் பின்னோக்கிப் பாய்ந்து மரக்கட்டையின் மீது மோதுகிறது. அந்த மோதலைத் தாங்கும் பரப்பில் எஃகும் மரமும் இறுகப் பொருந்தாவிட்டால், தோட்டாப் பெட்டியை ஒட்டிய மெல்லிய பகுதியிலும், உடலின் வால் முடியும் இடத்திலும் மயிரிழை விரிசல் விழும். ஆலையிலிருந்து வந்த பெருங்குழல் துப்பாக்கிகளில் அடிக்கடி காணப்படும் நோய் இது. மெருகெண்ணெய் பூசினால் விரிசல் மறைந்துவிடும். திருகாணிகளைக் கழற்றி உடலை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். விற்பவர் அதற்கு உடன்படாவிட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

அடுத்து, தோட்டா அமரும் அறையின் ஆழத்தை அதற்குரிய அளவுகோல்களால் சோதிக்க வேண்டும். உருளையிலும் உடலிலும் உள்ள எண்கள் ஒத்திருக்கின்றனவா, குழலில் பொறித்த பெயரும் உண்மையான அறையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். பழைய .458 வின்செஸ்டர் துப்பாக்கியைக் குடைந்து லாட் ஆக்குவது வழக்கம். குடைந்தவர் குழலின் மேல் அதைப் பொறிக்காமல் விட்டிருக்கலாம். கடைசியாக, மருந்தில்லாப் போலித் தோட்டாக்களைப் பெட்டி நிறைய இட்டு மெதுவாகவும் வேகமாகவும் ஏற்றி இறக்க வேண்டும். ஒருமுறை சிக்கினாலும் காரணம் தெரியும்வரை பணம் தரக் கூடாது. வரவேற்பறைச் சுவரில் தொங்கவிட வாங்குபவர் இவற்றில் பலவற்றைத் தள்ளிவிடலாம். எருமைக்கு எதிரே நிற்கப்போகிறவரால் முடியாது.

தோளும் ஒரு பாகம்

இத்தனையும் சரியாக இருந்தாலும் இன்னொரு சோதனை மிச்சம் இருக்கிறது. குண்டும் வெடிவாயுவும் முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதி பள்ளிப் பாடம். நான்கு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள இந்தத் துப்பாக்கி, .416 ரிக்பி சுடப்பட்டதும் நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தோளை நோக்கி வருகிறது. பரவலாக உள்ள ‘.30-06’ வேட்டைத் துப்பாக்கியின் உதைப்போடு ஒப்பிட்டால், .375 ஏறக்குறைய இரு மடங்கு உதைக்கும்; .416 மூன்று மடங்கு; .458 லாட் அதற்கும் மேல். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். உடல் அந்த வலியை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் சிக்கல். விசையை அழுத்தும் கணத்தில் கண் மூடும், தோள் சுருங்கும், குழல் தாழும். குண்டு எருமையின் நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போகும்.

இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே, சுடுபவருக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து வைப்பார்கள். வெடிக்காத அந்தத் தோட்டாவின்போது குழல் அசையாமல் நின்றால் சுடுபவருக்குத் துப்பாக்கி பொருந்துகிறது; குழல் துள்ளினால் பொருந்தவில்லை. நண்பரின் மகன் ஒல்லியான உடல்வாகு உடையவர். கொல்லர் பிரித்துப் பார்த்ததில் துப்பாக்கியின் எஃகு குறையின்றி இருந்தது. கட்டையில் பெட்டிக்குப் பின்னால் ஒரு மயிரிழை விரிசல், சரிசெய்யக்கூடியது. ஆனால், சுடுதளத்தில் ஆறாவது சுற்றில் வந்த போலித் தோட்டாவின்போது குழல் ஒரு சாண் தாழ்ந்தது என்று நண்பர் எழுதினார். ‘ரெண்டு மாசம் பழகினா சரியாயிடும், அங்கிள்’ என்று பையன் என்னிடம் தொலைபேசியில் சொன்னார். இருக்கலாம். அந்த இரண்டு மாதங்களுக்கு வேண்டிய தோட்டாவின் விலையை நண்பரைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அது துப்பாக்கியின் விலையை எட்டிப் பிடித்தது.

அவர்கள் அந்த .416ஐ விட்டுவிட்டு, அதே சி.இசட். 550 மேக்னத்தை .375 அளவில் தேடி வாங்கினார்கள். அதுவும் பழையது, அதன் தயாரிப்பும் நின்றுபோனதுதான். கட்டையைப் பிசின் இட்டு இறுக்கி, உதிரி நகமும் வில்லும் வாங்கிவைத்து, மிச்சப் பணத்தைப் பயிற்சித் தோட்டாக்களுக்குச் செலவிட்டிருக்கிறார்கள்.

விலையை ஏன் கடைசியில் பார்க்க வேண்டும்

இதுவரை விலையைப் பற்றிப் பேசவில்லை. காரணம் உண்டு. தயாரிப்பு நின்ற பொருளின் விலை அதன் பயனைப் பின்தொடர்வதில்லை. வின்செஸ்டர் நிறுவனம் தன் ‘மாடல் 70’ துப்பாக்கியில் செலவைக் குறைக்க 1964இல் மவுசர் நகத்தைக் கைவிட்டது. அன்று முதல் ‘1964க்கு முந்தையது’ என்ற சொல்லே ஒரு விலையாகிவிட்டது. 1990களில் அந்த நிறுவனமே நகத்தைத் திரும்பக் கொண்டுவந்த பிறகும், பழையதன் மீதான மோகம் குறையவில்லை. 2006இல் அதன் நியூ ஹேவன் ஆலை மூடப்பட்டபோது மாடல் 70 முடிந்தது என்று பலர் எழுதினார்கள்; சில ஆண்டுகளில் வேறோர் ஆலையிலிருந்து அது வெளிவந்தது.

மார்லினின் கதையும் இதையே சொல்கிறது. அதன் உரிமையாளரான ரெமிங்டன் நொடித்துப்போன பிறகு, 2020இல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கியது. இனி வராது என்று நம்பிப் பெருவிலை கொடுத்தவர்களின் கண்முன்னே, 2021 இறுதியில் புதிய மார்லின் துப்பாக்கி வந்திறங்கியது. ஆகவே, ‘இனி வராது’ என்பதை முதலீட்டு வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விற்பவர் கேட்கும் விலையோடு உதிரி பாகம், கட்டை வேலை, தொலைநோக்கி வளையம், குறைந்தது இருநூறு பயிற்சித் தோட்டாக்கள் ஆகியவற்றின் செலவைக் கூட்டினால் கிடைக்கும் தொகையே உண்மை விலை. அந்தத் தொகைக்கு இன்றும் தயாரிப்பில் உள்ள ஒரு புதிய துப்பாக்கி கிடைக்குமானால், பழையதை வாங்க ஏக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஏக்கம் குற்றமன்று. அழகுக்காக வாங்குபவர் அழகுக்குரிய விலையைத் தரட்டும். ஆனால், தன் உயிரையும் பிறர் உயிரையும் ஒப்படைக்கப்போகிற ஒருவர் ஐந்து கேள்விகளுக்கு ‘ஆம்’ என்ற விடையைப் பெற்ற பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும். இதற்கான தோட்டா இன்னும் இருபதாண்டுகள் கிடைக்குமா? சட்டம் இதை எனக்கு அனுமதிக்குமா? உடைந்தால் சரிசெய்ய ஆளும் பாகமும் உண்டா? பிரித்துப் பார்த்துச் சோதித்தேனா? இதை நான் கண் மூடாமல் சுட முடியுமா? முதல் நான்கும் துப்பாக்கியையும் ஊரையும் பொறுத்தவை, கேட்டறிந்துவிடலாம். ஐந்தாவதுக்கு விடை சொல்ல எந்த விற்பனையாளராலும் முடியாது. சுடுதளத்துக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.